துண்டும் பற்றுச்சீட்டும்: ஊவாத் தோட்டங்களில் ஆளை நிறுத்திவைத்த கணக்கு

ஊவா மாகாணத்துப் பெருந்தோட்டங்களின் வரலாறு பெரும்பாலும் நிலத்தையும் மூலதனத்தையும் தேயிலை விலையையும் அடியாகக் கொண்டே எழுதப்பட்டிருக்கிறது. தோட்டத்துரைமாரின் சங்கக் கூட்டங்களிலோ, தொழிலாளரை எங்கிருந்து கொண்டுவருவது, கொண்டுவந்தவரை எப்படி நிறுத்திவைப்பது என்ற இரட்டைக் கேள்வியே தலைமுறை தலைமுறையாக ஓயாமல் பேசப்பட்டது. இக்கேள்விக்குத் துரைமார் நெடுங்காலம் தாமாக விடை தேடவில்லை. கங்காணி என்னும் இடையாளிடம் ஆள் சேர்ப்பதையும் ஆள் காப்பதையும் ஒருசேர ஒப்படைத்துவிட்டு, அதற்கான விலையைப் பணமாகக் கொடுத்துவந்தனர். கங்காணி கையாண்ட கருவி கடன். தொழிலாளியைத் தோட்டத்தோடு கட்டிப்போடுவதற்கென்று ஏற்பட்ட அக்கடனே, அவர்களைக் கூட்டம் கூட்டமாக ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் பெயர்த்துச் சென்ற வாகனமாகவும் ஆகிவிட்டது என்பதுதான் இவ்வரலாற்றின் மையத்தில் உள்ள முரண்.

ஊவாவின் நில அமைப்பு இம்முரணைக் கூர்மையாக்கியது. பதுளையைத் தலைநகராகக் கொண்டு 1886இல் இம்மாகாணம் தனியாகப் பிரிக்கப்படும் முன்பே பசறை, மடுல்சீமை, ஹப்புத்தளை, ஹல்துமுல்லைப் பகுதிகளில் கோப்பித் தோட்டங்கள் வேரூன்றியிருந்தன. எனினும் கொழும்புத் துறைமுகத்திலிருந்து நோக்கினால் இவை மலைநாட்டின் மறுபுறத்தில், கண்டி, நுவரெலியா வழியாகவோ இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகவோ சுற்றிவர வேண்டிய தொலைவில் இருந்தன. மலையகப் புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவையும் 1893இல் ஹப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் எட்டியபின், தெமோதரைப் பள்ளத்தாக்கைக் கடந்து பதுளையை அடைய 1924வரை முப்பது ஆண்டுகள் ஆயின. அந்த முப்பது ஆண்டுகளும் பதுளைக்கு அப்பாலுள்ள பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டங்கள் மாட்டுவண்டிப் பாதையையே நம்பியிருந்தன. தொண்டியிலோ அம்மாபட்டினத்திலோ தோணியேறி மன்னாரில் இறங்கி, வடபகுதிக் காடுகளின் ஊடே மாத்தளைவரை நடந்துவந்த தொழிலாளர், ஊவாவுக்குச் செல்வதாயின் அதற்குமேலும் பல நாள் மலையேற வேண்டியிருந்தது. வழியில் வாந்திபேதிக்கும் பசிக்கும் மாண்டவர்கள் பலர். இத்தனை தொலைவைக் கடந்து வந்த ஓர் ஆள், வந்த சில வாரங்களில் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டால் துரைக்கு ஏற்படும் நட்டம் மாத்தளைத் துரையின் நட்டத்தைவிடப் பெரிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கோப்பிக் காலத்தில் இந்நட்டம் ஓரளவு தாங்கக்கூடியதாக இருந்தது. கோப்பிப் பழம் பறிப்பது ஆண்டின் சில மாதங்களுக்குள் முடிந்துவிடும் வேலையாதலால், தொழிலாளரிற் பெரும்பகுதியினர் அறுவடை முடிந்ததும் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, சேலம், புதுக்கோட்டை ஆகிய ஊர்ப்பக்கங்களுக்குத் திரும்பினர். மறு ஆண்டுக்கு மீண்டும் ஆள் கட்டினால் போதும். 1869இல் தென்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை வீழ்த்தி, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தபோது நிலைமை மாறியது. கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும். ஏழெட்டு நாட்களுக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்பிவந்து கிள்ளாவிட்டால் இலை முற்றிப் பயனற்றுப் போகும். ஊவாவுக்கு இதில் தனிக் கவலையும் உண்டு. தென்மேல் பருவக்காற்று மலைத்தொடரின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு வறண்ட காற்றாக ஊவாவுக்குள் இறங்கும் யூலை முதல் செப்டெம்பர் வரையிலான காலத்தில்தான், உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித்தந்த தனிமணம் உண்டாகிறது. குறைந்த அளவும் உயர்ந்த விலையும் கொண்ட அந்த மாதங்களில் பழகிய கைகள் மலையில் இல்லாமற்போனால், ஆண்டின் வருவாயே ஆட்டங்காணும். தேயிலை வணிகர் லிப்டன் 1890இல் ஹப்புத்தளைப் பக்கத்தில் தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கிய காலத்தில், ஊவாத் துரைமாருக்குத் தேவைப்பட்டவர்கள் வந்துபோகும் ஆட்களல்லர், குடும்பத்தோடு குடியிருக்கும் தொழிலாளர்.

இத்தேவையை நிறைவேற்றிய அமைப்பின் அடிமட்டத்தில் சில்லறைக் கங்காணி இருந்தார். தம் உறவினரும் ஒரே சாதியினருமான பத்திருபது பேரைக் கொண்ட சிறு கூட்டத்துக்கு அவர் தலைவர். பல வேளைகளில் தாமும் மண்வெட்டி பிடித்தவர். இத்தகைய பல கூட்டங்களைத் தமக்குக் கீழே வைத்திருந்தவர் பெரிய கங்காணி. தோட்டத்துரை பெரிய கங்காணிக்கு முற்பணம் கொடுப்பார். பெரிய கங்காணி அதைச் சில்லறைக் கங்காணிக்குப் பிரித்துக் கொடுப்பார். அவர் ஊருக்குப் போய், நிலவரி பாக்கியிலோ கலியாணச் செலவிலோ வறட்சியிலோ சிக்கியிருந்த குடும்பங்களுக்குச் சிறுதொகை கொடுத்து, வழிச்செலவும் தந்து அழைத்துவருவார். இதற்கே ஆள் கட்டுதல் என்று பெயர். கையில் வாங்கிய பணம், படகுக் கூலி, வழிச் சாப்பாடு, கம்பளி, வந்திறங்கியதும் தோட்டத்தில் கொடுத்த அரிசி ஆகிய அனைத்தும் தொழிலாளியின் தலையில் எழுதப்பட்டன. ஆகவே அவர் முதல்நாட் காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குமுன் ஆட்களை நிறுத்திப் பெயர் அழைக்கும் அணிவகுப்புக்கு, வந்து நின்றபோதே கடனாளியாகவே நின்றார்.

கங்காணியின் வருவாய் பல வழிகளில் வந்தது. பெரட்டில் நின்று வேலைக்குச் சென்ற ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்குச் சில சதம் வீதம் தோட்டம் அவருக்குக் கொடுத்த தலைக்காசு முதலாவது. ஆள் வேலைக்கு வந்தால்தான் காசு என்பதால், காய்ச்சலில் கிடந்தவரையும் லயத்துக் காம்பராவிலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசைவீட்டின் அறையிலிருந்து, எழுப்பிவிடும் ஆர்வம் கங்காணிக்கு இருந்ததில் வியப்பில்லை. முற்பணத்தில் தாம் பிடித்துக்கொண்ட பங்கு இரண்டாவது. கடை வைத்திருந்த கங்காணியாயின் அக்கடையின் இலாபம் மூன்றாவது. ஆண் தொழிலாளியின் நாட்கூலி சுமார் 33 சதமும் பெண்ணின் கூலி சுமார் 25 சதமும் என்ற நிலை பல பத்தாண்டுகள் நீடித்தது. அதிலும் அரிசிக்கும் கடனுக்கும் கழித்தபின் கைக்கு வந்தது சொற்பமே. சம்பளமே பல தோட்டங்களில் கங்காணியின் கை வழியாகத்தான் வந்தது. கணக்கை எழுதியவரும் கடன் கொடுத்தவரும் கூலியைப் பகிர்ந்தவரும் ஒருவரே என்றால், அக்கணக்கை எதிர்த்துக் கேட்கும் வழி எழுத்தறியாத தொழிலாளிக்கு இருந்திருக்க முடியாது. கடனில் பெண்களும் வேலை செய்யும் வயதுப் பிள்ளைகளும் தனித்தனித் தலைகளாகக் கணக்கிடப்பட்டனர் என்பதும், பெண்ணின் சம்பளம் பெரும்பாலும் கணவனிடமோ உறவு ஆணிடமோ கொடுக்கப்பட்டது என்பதும் இங்கு மறக்கத்தக்கன அல்ல.

இக்கடன் ஆளை நிறுத்துவதற்காக ஏற்பட்டது. ஆனால் கடன் கங்காணியின் பெயரில் இருந்ததால், கங்காணி நகர்ந்தால் கூட்டமும் நகர்ந்தது. அந்நகர்வுக்கு உரிய ஆவணமே துண்டு. ஒரு தோட்டத்தை விட்டுப் போக விரும்பிய கங்காணி துரையிடம் துண்டு கேட்பார். இன்ன கங்காணியின் கீழுள்ள இத்தனை ஆட்கள் இத்தனை ரூபாய் கடன்பட்டிருக்கிறார்கள், அத்தொகை கட்டப்பட்டால் அவர்கள் விடுவிக்கப்படுவர் என்று துரை ஒரு சிறு காகிதத்தில் எழுதிக் கையொப்பமிட்டுத் தருவார். அக்காகிதத்தோடு கங்காணி அண்டைத் தோட்டங்களுக்குப் போவார். ஆள் பற்றாக்குறையில் இருந்த எந்தத் துரையும் துண்டில் கண்ட தொகையை முன்னைய தோட்டத்துக்குச் செலுத்தி, கூட்டத்தைத் தம் தோட்டத்துக்கு அழைத்துக்கொள்ளலாம்.

எடுத்துக்காட்டாக, நாற்பது பேர் கொண்ட கூட்டத்தின் துண்டில் 2,000 ரூபாய் எழுதப்பட்டிருந்தது என்று கொள்ளலாம். அதை எடுத்துக்கொண்டு சென்ற கங்காணி, புதிய துரையிடம் அத்தொகையைக் கட்டுவதோடு தமக்கும் தம் ஆட்களுக்கும் மேலும் 500 ரூபாய் வேண்டும் என்று பேரம் பேசுவார். ஆளில்லாமல் கொழுந்து முற்றிக்கொண்டிருந்த துரை இணங்குவார். புதிய தோட்டத்தின் கணக்கில் இப்போது கடன் 2,500 ரூபாய். மேலதிக 500இல் பெரும்பகுதி கங்காணியின் கையிலேயே தங்கும். நாற்பது தலைகளின் கடன் மட்டும் உயரும். இரண்டாண்டு கழித்து அடுத்த துண்டு, அடுத்த தோட்டம், இன்னும் உயர்ந்த கடன். ஒருவரும் ஒரு சதம்கூட அதிகமாகச் செலவழிக்காமலே அவர்தம் கடன் ஆண்டுக்காண்டு வளர்ந்தது இவ்வாறுதான். தனி ஆளைக் கட்டிப்போட்ட கடன், கூட்டத்தை விலைக்கு விடும் சரக்காக்கியது. எந்தக் கடன் அதிகமோ அந்தக் கூட்டத்தை விடுவிக்கப் பெருந்தொகை வேண்டும் என்பதால் துரை தம் ஆட்கள் பாதுகாப்பாக இருப்பதாக எண்ணினார், அதே கடனைத் தந்து அழைத்துக்கொள்ளக் காத்திருந்த அயல் துரையோ தம் பணப்பெட்டியைத் திறந்தார்.

துரைமார் இதை உணராமல் இருக்கவில்லை. அயல் தோட்டத்து ஆட்களை இழுப்பதைக் கண்டித்து அவர்களுடைய சங்கம் பலமுறை தீர்மானம் நிறைவேற்றியது. முற்பணத்துக்கு உச்சவரம்பு கட்ட முயன்றது. மாவட்ட வாரியாக உடன்பாடுகள் செய்யப்பட்டன. கூட்டத்தில் கையுயர்த்திய துரையே மறுவாரம் துண்டோடு வந்த கங்காணியை வரவேற்றதால் அவை நிலைக்கவில்லை. தோட்டம் கைமாறும்போது வாராத முற்பணங்களும் சொத்துக் கணக்கில் சேர்த்து விற்கப்பட்டமையால், கடனைக் கொளுத்திவிடவும் எவருக்கும் மனம் வரவில்லை. 1904இல் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் ஒன்றைத் துரைமார் நிறுவினர். தமிழ் மாவட்டங்களில் முகவரகங்கள் வைத்து, கங்காணிகளின் செலவைக் கண்காணித்து, ஆட்களை ஒழுங்காக அனுப்புவதே அதன் நோக்கம்; ஆனால் ஊருக்குள் நுழைந்து உறவினரைப் பேசி அழைத்துவரும் வேலையைக் கங்காணியன்றி வேறொருவர் செய்ய முடியாதென்பது சில ஆண்டுகளிலேயே தெளிவாகியது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிப்படகுச் சேவை தொடங்கி, மண்டபத்தில் தனிமைப்படுத்தும் முகாம் ஏற்பட்டபின், பயணம் எளிதானது. பயணச் செலவு மட்டும் பழையபடி தொழிலாளியின் கணக்கிலேயே ஏறியது.

கடன் ஒன்றே ஆட்களை நிறுத்திவைத்தது என்று கொள்வதும் பிழை. லயங்களை அடுத்து மாரியம்மன் கோயில்கள் எழுந்தன. மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடப்பட்டது. திருவிழாவில் பெரிய கங்காணிக்கு முதல் மரியாதை கிடைத்தது. சாவுக்கும் சடங்குக்கும் கைமாற்றுத் தந்தவரும், வழக்குத் தீர்த்தவரும், துரையிடம் பேசியவரும் அவரே. ஊரில் கிடைத்திருக்கக்கூடிய உறவின் ஒழுங்கையும் அதன் சாதிப் படிநிலையையும் அவர் மலைமேல் மறுபடி கட்டியெழுப்பினார். இந்தப் பிணைப்பைத் துரைமார் மிகக் குறைத்தே மதிப்பிட்டனர். இன்று நகரங்களில் காவலாளிகளையும் துப்புரவாளர்களையும் நிறுவனங்களுக்கு அனுப்பித் தலைக்கு இவ்வளவு என்று தரகு பெறும் ஆள்வழங்கு நிறுவனங்கள் கங்காணியின் வழித்தோன்றல்கள் என்று சொல்லப்படுவதுண்டு. தரகைப் பொறுத்தவரை அது சரி, ஆனால் அந்நிறுவனங்களில் எதுவும் தன் ஆட்களுக்குக் கோயில் கட்டியதில்லை.

சட்டம் நெடுங்காலம் கங்காணிக்கும் துரைக்கும் துணைநின்றது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், முன்னறிவித்தலின்றி வேலையைவிட்டு ஓடிய தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப வழிசெய்தது. உடன்படிக்கை மீறல் வேறு சில நாடுகளில் உரிமையியல் வழக்காகிக்கொண்டிருந்த காலத்திலும் இங்கே அது குற்றவியல் வழக்காகவே இருந்தது. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் மாத ஒப்பந்தத்தையும் சம்பளம் கொடுக்க வேண்டிய கால எல்லையையும் வரையறுத்து ஓரளவு காப்பளித்தது. மாற்றத்துக்கான நெருக்குதல் கடல்கடந்து வந்தது. 1917இல் மார்ஜோரிபாங்க்சும் அகமது தம்பி மரைக்காயரும் இலங்கை, மலாயாத் தோட்டங்களுக்குச் சென்ற இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து சென்னை அரசுக்கு அளித்த அறிக்கை கடனின் பாரத்தை எடுத்துக்காட்டியது. ஒப்பந்தக் கூலிமுறைக்கு எதிராக இந்தியாவில் அப்போது எழுந்திருந்த உணர்ச்சியில், சென்னை மாகாணத்திலிருந்து ஆள் வருவதே தடைப்படலாம் என்ற அச்சம் துரைமாரைப் பிடித்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டைத் தடைசெய்தது. 1922இன் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தைத் தொடர்ந்து, இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டியில் அமர்ந்தார். 1923இல் ஏற்பட்ட பொது நிதியத்திலிருந்து பயணச் செலவு செலுத்தப்பட்டதால், புதிதாக வந்தவர் முதன்முறையாகக் கடனில்லாமல் மலையேறினார்.

துண்டு போனது; நிறுத்திவைக்கும் தேவை போகவில்லை. அதன் இடத்தை இரண்டு பொருட்கள் பிடித்தன. ஒன்று பற்றுச்சீட்டு, அதாவது வேலையிலிருந்து விலக்கப்பட்டவருக்கு அல்லது விலகியவருக்குத் தோட்டம் கொடுத்த விடுவிப்புச் சீட்டு. அதைக் காட்டாதவரை வேறு தோட்டம் எளிதில் எடுக்காது. எனவே அதைக் கொடுப்பதும் துரையின் கைக்கருவி, கொடுக்க மறுப்பதும் கைக்கருவி. மலையக மக்களின் பேச்சில் பற்றுச்சீட்டு என்றாலே வேலைநீக்கம் என்ற அச்சப்பொருள் ஏறியதற்கு இதுவே காரணம். மற்றொன்று லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான ஒற்றைக் காம்பராக்கள் வரிசையாக அமைந்த அக்கட்டடத்தில் குடியிருக்கும் உரிமை, தோட்டத்தில் பெயர் இருக்கும்வரைதான். வேலையை இழந்தவர் கூரையையும் இழந்தார். பணக்கடனை ஓரிரு சட்டப் பிரிவுகளால் நீக்கலாம். வேலையோடு பிணைத்த வீட்டை அவ்வாறு நீக்க முடியவில்லை. ஊவாவின் பல தோட்டங்களில் அப்பிணைப்பு இன்றும் முழுமையாக அவிழவில்லை.

கூலியைப் பொறுத்தவரை, 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1929 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தபோது, உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் சிறுவருக்கு 32 சதமும் நிர்ணயிக்கப்பட்டன. அது முதிர்வதற்குள் உலகப் பொருளாதார மந்தம் வந்து தேயிலை விலை சரிந்தது, கூலி குறைக்கப்பட்டது, அதுவரை ஆளை விடமாட்டேன் என்றிருந்த தோட்டங்கள் ஆயிரக்கணக்கானோரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பின. நிறுத்திவைத்தல் என்பது தொழிலாளிமீது கொண்ட பற்றன்று, விலைப்பட்டியலின் நிழல் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டியதில்லை. 1939 ஓகஸ்டில் இந்திய அரசு பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடைசெய்தது. ஆள் கட்டும் தொழில் அன்றோடு முடிந்தது எனலாம். புதிய ஆட்களைக் கொண்டுவர இயலாத கங்காணி, துரைக்கும் வேண்டாதவரானார். தொழிலாளருக்கும் அவரைவிடத் தொழிற்சங்கத் தலைவர் நெருக்கமானவரானார்.

தொழிற்சங்க எழுச்சியின் உச்சம் ஊவாவில்தான் நிகழ்ந்தது. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானபின் மலையகமெங்கும் பரவிய வேலைநிறுத்த அலை, மே மாதத்தில் பதுளைக்கு அருகிலுள்ள வேவெஸ்ஸத் தோட்டத்தை எட்டியது. லங்கா சமசமாஜக் கட்சியினர் முன்னின்ற அப்போராட்டத்தில் தொழிலாளர் தம்முள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்தாலோசித்தே தோட்டத்தை நடத்துவதாகத் துரை இணங்க நேர்ந்தது. ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிசாரின் துப்பாக்கிகளைத் தொழிலாளர் பறித்தனர். பெருவெள்ளத்தால் ஊவா ஒரு வாரத்துக்கும் மேலாக நாட்டின் ஏனைய பகுதிகளிலிருந்து துண்டிக்கப்பட்ட வேளையில் பொலிசாரின் அடக்குமுறை அவ்வெழுச்சியை ஒடுக்கியது. தேர்ந்தெடுத்த சபையொன்றின் வழியே தொழிலாளர் தோட்ட நிர்வாகத்தில் குறுகிய காலம் பங்கேற்ற இந்நிகழ்வு, பெருந்தோட்ட வரலாற்று நூல்களில் பெறவேண்டிய இடத்தை இன்னும் பெறவில்லை.

அதன்பின் ஆட்களை அசையாமல் வைத்தது அரசே. 1947 தேர்தலில் மலையகத் தமிழரின் அமைப்பான இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற ஏழு தொகுதிகளுள் பதுளையும் ஒன்று. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வாக்காளரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. வாக்கும் குடியுரிமையும் இல்லாதவர் தோட்டத்துக்கு வெளியே நிலம் வாங்கவோ அரச வேலை தேடவோ இயலாது. எனவே தோட்டம் கடனின் துணையின்றியே அவர்களைப் பெற்றுக்கொண்டது. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை நாடற்றோரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. பின்னாளில் குடியுரிமைச் சிக்கல் தீர்ந்து பள்ளிக்கூடங்கள் பெருகியபோது, தோட்டத்து இளைஞர் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகத் தொடங்கினர். நூற்றைம்பது ஆண்டுகளில் முதன்முறையாகத் தொழிலாளி தன் விருப்பத்தால் வெளியேறும் நிலை ஏற்பட்டபோது, கம்பனிகளின் கையில் அதற்கு ஈடான கருவி எதுவும் இருக்கவில்லை.

அவை எடுத்தவை பழைய கருவிகளின் திருத்திய பதிப்புகளே. 2013இன் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளமான 620 ரூபாயில் 140 ரூபாய் வருகைக் கொடுப்பனவாக ஒதுக்கப்பட்டது. குறித்த விழுக்காட்டு நாட்கள் வேலைக்கு வராதவருக்கு அது கிடையாது. கங்காணிக்குக் கொடுத்துவந்த தலைக்காசு இப்போது தொழிலாளிக்கே மாற்றிக் கொடுக்கப்பட்டது என்று கொள்ளலாம், ஆனால் அது கூலியின்மேல் வந்த மேலதிகமாக அன்றி, கூலியிலிருந்தே பிரித்தெடுத்த பங்காக இருந்ததால் தொழிற்சங்கங்கள் அதை எதிர்த்தன. 2019 ஒப்பந்தத்தில் அது நீக்கப்பட்டது. தீபாவளி முற்பணம் ஆண்டுதோறும் கொடுக்கப்பட்டு மாதத் தவணைகளில் சம்பளத்திலிருந்து கழிக்கப்படுகிறது. அண்மைக்காலத்தில் கம்பனிகள் முன்வைப்பது, ஒரு குடும்பத்துக்குக் குறித்த எண்ணிக்கைத் தேயிலைச் செடிகளை ஒப்படைத்து, பராமரிப்பையும் பறிப்பையும் அவர்களே செய்ய, கொழுந்தை நிறைக்கேற்ற விலைக்குத் தோட்டம் வாங்கிக்கொள்ளும் வெளியார் உற்பத்தி முறை. நாட்கூலியை விட அதிகம் ஈட்டலாம் என்று ஊவாவில் சிலர் அதை ஏற்றிருக்கின்றனர். சங்கங்களின் தயக்கம் வேறு: தோட்டப் பதிவேட்டில் தொழிலாளியாகப் பெயர் இல்லாதவருக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஊழியர் சேமலாப நிதி உரியதாகுமா, அவர் குடியிருக்கும் காம்பரா யாருடையது என்ற கேள்விகளுக்கு எழுத்தில் விடை வரும்வரை கையொப்பமிட வேண்டாம் என்று அவை தம் உறுப்பினருக்கு அறிவுறுத்துகின்றன.